விசேஷமா என்று கேட்டவர்கள்

அவள் முதல் தடவை விழுந்தபோது எல்லாரும் சிரித்தார்கள்.

ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் அவள். மூன்றாவது பீரியட் முடிந்து மணி அடித்த அதே நொடியில், கையில் பிடித்த சாக்பீஸோடு கரும்பலகைக்கு அடியில் சரிந்துவிட்டாள். முப்பது எண்ணுவதற்குள் கண்ணைத் திறந்து, "என்ன எல்லாரும் எழுந்து நிக்கிறீங்க? உக்காருங்க" என்று அதட்டியும் விட்டாள். கல்யாணமாகி எட்டு மாதம். அப்புறம் கேட்க வேண்டுமா? தலைமையாசிரியை வாயெல்லாம் பல்லாக வந்து தோளைத் தட்டினாள். "என்ன டீச்சர், விசேஷமா?" ஆசிரியர் அறையில் ஒருத்தி புளிப்பு மிட்டாயை நீட்டினாள். இன்னொருத்தி பெயர் வைக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பொறியியல் படித்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவன். ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், பிரேக்கைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தபோது செய்தி வந்தது. பதறியடித்துக்கொண்டு போன் போட்டான்.

"ஒண்ணுமில்ல, சும்மா ஒரு மயக்கம். எல்லாரும் அதுதான்னு சொல்றாங்க" என்றாள் அவள்.

"எதுதான்னு?"

"அட, அதுதான்!"

அவனும் சிரித்தான். பின்னால் யார் யாரையோ மனதுக்குள் நிறுத்திவைத்துத் திட்டித் தீர்த்தபோதெல்லாம் அந்தச் சிரிப்பு வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றது. அன்று மாலை மருந்துக்கடையில் சோதனைப் பட்டை வாங்கினான். கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக் கண்ணடித்தார். அதற்கும் சிரித்தான்.

பட்டையில் ஒரு கோடுதான் விழுந்தது.

இரண்டாவது தடவை, ஒரு மதியத் தூக்கத்தில். தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த போன் அலறியது. திடுக்கிட்டு எழுந்தவள் கட்டிலிலிருந்து அப்படியே தரையில் விழுந்தாள். இந்தத் தடவை லேடி டாக்டரிடம் போனார்கள். கல்யாணமாகி எத்தனை மாதம் என்பது முதல் கேள்வி. தேதி தள்ளிப்போயிருக்கிறதா என்பது இரண்டாவது. மூன்றாவதாக, சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டே, "கல்யாணத்துக்கு முன்னாடி எப்பவாவது விழுந்திருக்கீங்களா?" என்றார்.

அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "இல்ல டாக்டர்" என்றாள்.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஒழுங்கா சாப்பிடறதே இல்ல" என்று டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். மேலே, மயக்கம், காரணம் தெரியவில்லை என்று ஒரு வரி.

அவன் தொழிலில் அப்படி எழுத முடியாது. நடுவழியில் நிற்கிற லிஃப்ட், மெக்கானிக் போய் நின்றால் சமர்த்தாக ஓடும். அது லிஃப்டுகளின் பிறவிக்குணம். அதற்காக, ஓடுகிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட முடியாது. காரணம் கிடைக்கும்வரை பூட்டிப் போட வேண்டும். இதெல்லாம் அவனுக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான் மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

மூன்றாவது தடவை விடிகாலை ஐந்தரைக்கு. அலாரம் அடித்தது. நிறுத்துவதற்குக் கையை நீட்டினாள். கை போய்ச் சேரவில்லை.

அறுத்துப் பார்த்த டாக்டர் சொன்னார்: "இதயம் நார்மல். மூளை நார்மல். எல்லாமே நார்மலாத்தான் இருக்குங்க." இருபத்தாறு வயதில் செத்துக் கிடந்தவளுக்கு எல்லாமே நார்மல்.

அதற்கப்புறம் அவன் வேலைக்குப் போனான், வந்தான். யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்றான். கோபம்கூட வரவில்லை. உடம்பு முழுக்க ஊசி போட்டு மரத்துப்போன மாதிரி இருந்தது.

ஐந்தாவது மாதம் மாமியார் போன் செய்தாள்.

"மாப்பிள்ளை, சின்னவளுக்கு ஒரு இடம் குதிர்ந்திருக்கு. நாளைக்குக் காலையில பாக்க வர்றாங்க. நம்ம பக்கம் ஆம்பளைன்னு ஒருத்தர் உக்காந்திருந்தா நல்லாயிருக்கும். உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

உண்மைதான். மாமனார் இரண்டு பெண்களையும் கைக்குழந்தைகளாக விட்டுவிட்டு எங்கோ போய்ப் பல வருஷம். மாமியார் முன்னறையில் ஒரு தையல் மிஷினைப் போட்டு, பள்ளிச் சீருடை தைத்து, அந்த இரண்டையும் ஆளாக்கினாள். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளை அவன் பார்த்ததே இல்லை.

அன்றைக்கே, சனிக்கிழமை மதியம், போனான். கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அழைப்புமணி செத்துக் கிடந்தது.

"நாளைக்கு அவங்க வந்து கதவை இடிச்சிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் பாருங்களேன்" என்றாள் மாமியார்.

பழைய மணியைக் கழற்றிவிட்டு, கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்தான். மச்சினி அவன் பக்கத்தில் நின்று திருகாணிகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாயடித்தாள். இருபத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர் கண்ணை அளந்து அளந்து, எவரையும் நேராகப் பார்த்துப் பேசுகிற பழக்கம் வந்திருந்தது.

"ஒன்பது மாடிக்கு ஆளை ஏத்தி இறக்கறவரு, ஒரு மணிக்கு முக்கால் மணி நேரமா? உங்களுக்கு எப்படி அத்தான் சம்பளம் குடுக்கறாங்க?"

"பேசாம திருகாணியைக் கொடு."

"பேசாம இருந்தா அது நான் இல்லையே. மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லி வெச்சிடுங்க. சரக்கு வாயோடதான் வரும்னு."

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவன் உதடு கொஞ்சம் இளகியது. மூடியை மாட்டினான். வெளியே போய்ப் பொத்தானை அழுத்தினான். மணி, மச்சினியின் தலைக்கு மேலே, கிர்ர்ரென்று அடித்தது.

உள்ளே திருகாணிகள் சிதறும் சத்தம். அதற்குப் பின்னால் கனமான இன்னொரு சத்தம்.

ஓடி வந்து பார்த்தபோது அவள் தரையில் கிடந்தாள். முகம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ஒரு கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. அவன் மண்டியிட்டு அவள் தலையைத் தூக்கினான். மாமியார் சமையலறையிலிருந்து வந்தாள். அலறவில்லை. மகளைத் தாண்டிப் போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். நடைபாதையைப் பார்த்த ஜன்னலைச் சாத்தினாள். தையல் மிஷினுக்கு மேல் இருந்த ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அதற்கப்புறம்தான் தண்ணீரோடு வந்து உட்கார்ந்தாள்.

முதல் தடவை செய்கிறவள் இவ்வளவு வரிசையாகச் செய்யமாட்டாள்.

மச்சினி கண்ணைத் திறந்தாள். மூச்சு வந்தது. நெற்றியில் ஒரு வீக்கம்.

"எத்தனாவது தடவை?" என்று கேட்டான்.

"என்னது மாப்பிள்ளை?"

"இவ விழறது. எத்தனாவது தடவை?"

"கத்தாதீங்க. பக்கத்து வீட்டுக்காரிக்குச் சுவரெல்லாம் காது. வெயில்ல வந்தா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை..."

"எத்தனாவது தடவை அத்தை?"

மாமியார் நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "நாலோ அஞ்சோ."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டி? வயசுக்கு வந்த பொண்ணு மயக்கம் போட்டு விழுந்தான்னு சொன்னா முதல்ல என்ன கேப்பாங்க, உங்களுக்குத் தெரியாதா?" குரலைத் தாழ்த்தினாள். "விசேஷமான்னு கேப்பாங்க. கல்யாணம் ஆனவளைக் கேட்டா அது சிரிப்பு. ஆகாதவளைக் கேட்டா அது கயிறு. புருஷன் ஓடிப்போன வீடு இது. ஏற்கெனவே இந்த வீட்டு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க."

ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார். அவன் எழுந்துபோய் அதை அணைத்தான்.

"டீச்சரும் விழுந்திருக்காளா?" பெண்டாட்டியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "கல்யாணத்துக்கு முன்னாடி?"

மச்சினி தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "ஸ்கூல்ல ரெண்டு தடவை. காலேஜ்ல ஒரு தடவை. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தா."

அந்த மேஜை, அந்தச் சீட்டு, ஒரு நொடி தன்னைப் பார்த்துத் திரும்பிய அந்தக் கண். இல்ல டாக்டர். அவனுக்கு இப்போது அந்தப் பார்வை புரிந்தது. புரிந்து என்ன? யார் மேல் கோபப்படுவது? கேள்வியைக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டவர் மேலா, பொய் சொன்னவள் மேலா, சொல்ல வைத்தவள் மேலா? மரத்துப்போயிருந்த உடம்பில் ரத்தம் திரும்புகிற மாதிரி, விரல் நுனியெல்லாம் சுரீரென்று வலித்தது.

"நல்லாயிருக்கு, என்னைக் கேக்காமலே என்னைப் பத்திப் பேசுங்க" என்றாள் மச்சினி.

அவன் அவள் எதிரில் உட்கார்ந்தான். நின்றுபோன ஒவ்வொரு லிஃப்டுக்கும் காவலாளியிடம் கேட்கிற கேள்வியைக் கேட்டான். "விழறதுக்குச் சரியா முன்னாடி என்ன நடந்துச்சு? ஒவ்வொரு தடவையும்."

அவள் யோசித்தாள். "கடையில ஒருத்தி லென்ஸ் தட்டைக் கீழ போட்டா. பயங்கர சத்தம். அப்பறம் ஒரு தடவை... காலையில அலாரம். ரோட்டுல நடக்கறப்ப ஒரு பஸ் பின்னாடியே வந்து ஹார்ன் அடிச்சுது, அப்ப." நிறுத்தினாள். "இப்ப உங்க மணி."

பள்ளிக்கூட மணி. போன். அலாரம்.

"உங்க வீட்டுப் பக்கம் வேற யாராவது சின்ன வயசுல..." என்று மாமியார் பக்கம் திரும்பினான்.

"என் தம்பி ஒருத்தன். பத்தொன்பது வயசு. ஹாஸ்டல்ல, காலையில எழுப்பப் போனா எழுந்துக்கலை. மாரடைப்புன்னாங்க." அவள் குரல் ஒடுங்கியது. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கிளம்பு" என்றான் மச்சினியிடம். "ஆஸ்பத்திரிக்கு."

"நாளைக்கு அவங்க வர்றாங்க மாப்பிள்ளை! அது முடியட்டும். கல்யாணமே முடியட்டும். அப்பறம் அவ புருஷன் பாத்துக்குவான்."

"நான் பாத்துக்கிட்ட மாதிரியா?"

மாமியார் சாத்திய ஜன்னலைப் பார்த்தாள். "அதுவும் நீங்க கூட்டிட்டுப் போறதா? பொண்டாட்டி போய் அஞ்சு மாசம்தான் ஆச்சு, மச்சினியை வண்டியில வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாருன்னு நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசமாட்டாங்களா?"

"பேசட்டும் அத்தை. உயிரோட இருக்கிறவளைப் பத்திதான் பேசுவாங்க. என் பொண்டாட்டியைப் பத்தி இப்ப ஒருத்தரும் பேசறதில்ல."

மச்சினி சுவரைப் பிடித்து எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "யாரும் என்னைக் கூட்டிட்டுப் போகலை. நான் போறேன். அத்தான் வண்டி ஓட்டறார், அவ்வளவுதான். கதவைத் திறம்மா."

மாமியார் அசையவில்லை. மச்சினியே தாழை எடுத்தாள்.

அவசரப் பிரிவில் இருந்தது இளம் டாக்டர், அவன் வயதுதான் இருக்கும். மச்சினியைப் படுக்க வைத்து, மார்பிலும் கை கால்களிலும் ஒயர் ஒட்டி, இதயத் துடிப்பை வரைந்து எடுத்தார்கள். நீளமான இளஞ்சிவப்புக் காகிதம். மேல் ஓரத்தில் எந்திரமே அச்சடித்திருந்தது, இயல்பு என்று. டாக்டர் அதை மட்டும் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார்.

"ஈசிஜி நார்மல்தான். கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்ல" என்றாள் மச்சினி.

"கடைசியா தேதி எப்போ?" கண் அவன் பக்கம் போயிற்று. "இவர் யாரு?"

"அக்கா வீட்டுக்காரர்."

"அக்கா வரலையா?"

"செத்துட்டா."

டாக்டர் அவனை ஒரு தடவை, அவளை ஒரு தடவை பார்த்தார். முகத்தில் ஒரு கணக்கு ஓடியது. அவர் குரல் மெதுவாகியது, கனிவாகியது. "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார். இவங்ககிட்ட தனியா ஒண்ணு ரெண்டு கேக்கணும்."

அவன் மேஜையை அறைந்தான். ஸ்டெதாஸ்கோப் துள்ளி விழுந்தது. சத்தம் போட்டுவிட்டோமே என்று அடுத்த நொடியே குலைநடுங்கிப் போய் மச்சினியைத் திரும்பிப் பார்த்தான். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். அதற்கப்புறம் அவன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லாகப் பேசினான்.

"அவ கர்ப்பம் இல்ல. என் பொண்டாட்டியும் கர்ப்பம் இல்ல. அவளையும் இதையேதான் கேட்டாங்க. ஸ்கூல்ல கேட்டாங்க, டாக்டர் கேட்டாங்க, நானும் கேட்டேன். ஒரு படிச்ச நாய்கூட அவ நெஞ்சுல இந்த ஒயரை ஒட்டலை. மணி அடிச்சப்ப விழுந்தா. போன் அடிச்சப்ப விழுந்தா. அலாரம் அடிச்சப்ப செத்தா. இவளும் சத்தம் கேட்டாதான் விழறா. இவங்க மாமா பத்தொன்பது வயசுல படுக்கையிலயே போயிட்டார். இதுல எந்தத் தேதி வேணும் உங்களுக்கு?"

டாக்டரின் முகம் சிவந்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் குனிந்து எடுத்தார்.

"அலாரம் அடிச்சப்பவா?" என்றார்.

"ஆமா."

மடித்த காகிதத்தைப் பிரித்தார். இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்து, பென்சில் முனையால் சின்னச் சின்னக் கட்டங்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். எந்திரம் அச்சடித்திருந்த சொல்லைக் குறுக்கே அடித்தார்.

"மெஷின் தப்பா போட்டிருக்கு" என்றார். "நானும் பாக்காம விட்டுட்டேன்."

நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பெரிய டாக்டருக்குப் போன் செய்தார். அப்புறம் மச்சினியைப் பார்த்து, அவளைப் பார்த்தே, சொன்னார்: "இதயம் ஒரு தடவை துடிச்சா, அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்சம் நேரம் வேணும். உங்களுக்கு அந்த நேரம் நீளமா இருக்கு. பிறவியிலேயே இருக்கிறது. அந்த இடைவெளியில திடீர்னு சத்தம் கேட்டா துடிப்பு தாறுமாறா ஓட ஆரம்பிச்சிடும். தானா சரியானா, மயக்கம். சரியாகலைன்னா..."

"அக்கா" என்றாள் மச்சினி.

"இனிமே அலாரம் வேணாம். போனைப் பக்கத்துல வெச்சுத் தூங்கவேணாம். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம். பெரும்பாலானவங்களுக்கு நல்லா கேக்கும். தேவைப்பட்டா ஒரு சின்னக் கருவி வைக்கலாம்."

"இந்த மாத்திரை எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டான் அவன்.

"ரொம்ப வருஷமா இருக்கு."

"என் பொண்டாட்டி பிறக்கறதுக்கு முன்னாடியே?"

டாக்டர் ஸ்கேலை இழுப்பறைக்குள் வைத்தார். "ஆமா சார்."

பத்து நிமிடம். ஒரு காகிதம். ஒரு ஸ்கேல், ஒரு பென்சில். அவன் நடையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். சுவர் பச்சை வண்ணத்தில் பாதிவரை பூசியிருந்தது. அதைக் கையால் குத்தத் தோன்றியது. உள்ளே அவள் இருந்தாள். குத்தவில்லை.

மாமியார் வந்து சேர்ந்தபோது மாலை நாலரை. மச்சினியைப் படுக்கைக்கு மாற்றியிருந்தார்கள். தலைமாட்டில் திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் மகளே அம்மாவிடம் சொன்னாள். மாமியார் கேட்டுக்கொண்டு நின்றாள். நாடா இன்னும் கழுத்தில் இருந்தது.

அப்போது அவள் பைக்குள் போன் அலறியது.

அவன் பாய்ந்து பையைப் பிடுங்கி, போனை எடுத்து ஒலியை அமுக்கினான். பச்சைக் கோடு ஒரு தடவை தடுமாறி, பழையபடி ஓடியது. போன் திரையில் மாப்பிள்ளை வீட்டுப் பெயர்.

"எடுக்காதீங்க" என்றாள் மாமியார். "பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருப்பா. வண்டியில போனதைப் பாத்துட்டுதான் நின்னா."

"குடுங்க அத்தான்" என்றாள் மச்சினி. வாங்கிக் காதில் வைத்தாள். "நான்தான் பேசறேன் ஆன்ட்டி. ஆமா, ஆஸ்பத்திரியிலதான். ஆமா, மயக்கம் போட்டுத்தான் விழுந்தேன்." கொஞ்ச நேரம் கேட்டாள். அவள் முகம் இறுகியது. "இழுக்காதீங்க ஆன்ட்டி, நேராவே கேளுங்க, விசேஷமான்னு. ஆமா, விசேஷம்தான். வயித்துல இல்ல, நெஞ்சுல. எங்க அக்கா இதுலதான் செத்தா. நாளைக்கு வர்றதா இருந்தா இங்க வாங்க, மூணாவது மாடி. போனை மட்டும் அணைச்சிட்டு வாங்க."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, வைத்துவிட்டார்கள். அவள் போனை அவனிடம் நீட்டினாள். "பாவம், சரக்கு வாயோட வரும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் உள்ளே வந்தார். "அம்மா, நீங்களும் ஒண்ணு எடுத்துக்கணும். இது ரத்த வழியில வர்றது."

"எனக்கெதுக்கு? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"படுங்க அத்தை" என்றான் அவன்.

"எனக்கொண்ணும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள். மகளைப் பார்த்துச் சொன்னாள். "பதினேழு வயசுல ரெண்டு தடவை விழுந்திருக்கேன். இடி இடிச்சப்ப. எங்கம்மாவும் கதவைத்தான் சாத்தினா."

மன்னித்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பாவம் என்றுகூடத் தோன்றவில்லை. ஒரு வீட்டில் எத்தனை கதவு, எத்தனை வருஷமாகச் சாத்தியே கிடந்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

"கையில இருக்கிறதையெல்லாம் கழட்டிடுங்கம்மா" என்றாள் நர்ஸ்.

வளையல் கழலவில்லை. வருஷக்கணக்காகக் கழற்றாத வளையல். அவன் கை கழுவும் தொட்டியிலிருந்து சோப்பை எடுத்து வந்தான். மாமியார் கையை நீட்டினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். அவன் நுரையைத் தேய்த்து, எலும்பு நோக இழுத்தான். அவள் ஆவென்றாள். அவன் விடவில்லை. ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது.

மறைப்புத் திரையை இழுத்துவிட்டு அவனை வெளியே அனுப்பினார்கள். ஈர வளையல்கள் கையில் இருந்தன. ஐந்து மாதத்துக்கு முன்னால், இன்னொரு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், காகித உறையில் போட்டு ஒருத்தன் அவனிடம் இப்படித்தான் இரண்டு வளையல் கொடுத்தான். கையெழுத்துப் போடுங்க என்றான். போட்டான்.

திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் சொன்னாள்: "ஆடாம படுங்கம்மா. ஒண்ணும் வலிக்காது."

எந்திரம் காகிதத்தைத் தள்ளத் தொடங்கியது. அவன் திரையின் இந்தப் பக்கமிருந்து டாக்டரைக் கூப்பிட்டான். குரல் உயரவில்லை.

"மேல அச்சடிச்சிருக்கிறதைப் படிக்காதீங்க. எண்ணிப் பாருங்க."